மடித்து விரியும் பக்கங்களோடு ஒரு சின்னக் கோலப் புத்தகம்: கையால் பைண்ட் செய்தேன், வாய் பிளந்து நிற்கிறது

புள்ளிக்காரி · அக்டோபர் 19, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஆறு மாசமாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

எங்க ஆச்சியிடம் ஒரு கோல நோட்டு இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் கிராமம். சாதாரண ரூல் போட்ட நோட்டுதான். ஆனால் 15 புள்ளி, 21 புள்ளி என்று பெரிய கோலம் வந்தால் அந்தப் பக்கத்தில் இடம் பத்தாது இல்லையா? ஆச்சி இன்னொரு தாளைச் சோத்துப் பருக்கையால் ஒட்டி, உள்ளே மடித்து வைத்திருப்பாங்க. பிரித்தால் முழுக்கோலமும் விரியும். அந்த ஒட்டு இருந்த இடமெல்லாம் இப்போது ராமபாணம் பூச்சி அரித்துப் போச்சு. கோலம் இருக்கிறது, ஒட்டுதான் இல்லை.

அதை அப்படியே புதுசாக வரைந்து, அதே மாதிரி மடித்து விரியும் பக்கங்களோடு ஐந்து பிரதி செய்யணும். அம்மாவுக்கு ஒன்று, சித்தி, பெரியம்மா, அத்தை, எனக்கு. மார்கழி ஒன்றாம் தேதிக்குள் கையில் கொடுக்கணும் என்பது ஆசை.

ஒரு பிரதி செய்து பார்த்தேன். 12 × 18 செ.மீ. அளவு. வரிசையாகப் போடும் முறை சின்னப் பக்கங்களில், முழுக்கோலம் மடிப்புத் தாளில். மடிப்புத் தாள் மொத்தம் 9. ஒவ்வொன்றும் மூன்று மடிப்பாக உள்ளே போகும். அதன் ஓரத்தைப் பக்கத்தின் உள்பக்கம் ஃபெவிகால் வைத்து ஒட்டினேன். தைத்து அட்டையும் போட்டாச்சு.

இப்போது பிரச்சினை மூன்று. மூடி வைத்தால் மூடவில்லை. முதுகு ஒல்லியாகவும் திறக்கிற பக்கம் தடிமனாகவும் விசிறி மாதிரி நிற்கிறது. பக்கங்கள் விறைப்பாக எழும்பி நிற்கின்றன, திறந்து வைத்தால் தானாக மூடிக்கொள்கிறது. ஒட்டின இடத்தில் நாலு தடவை பிரித்ததுமே கிழிய ஆரம்பித்துவிட்டது.

அதற்கு முன்னால் ஒரு பைண்டிங் கடையிலும் கொடுத்துப் பார்த்தேன். கட்டிங் மிஷினில் வைத்து மூன்று பக்கமும் வெட்டும்போது மடிப்பையும் சேர்த்துச் சீவிவிட்டார்கள். இரண்டு கோலம் துண்டு துண்டாக வந்தது. அதனால்தான் நானே செய்யலாம் என்று உட்கார்ந்தேன். யாராவது வழி சொல்லுங்க.

ராயப்பேட்டை பைண்டர் · அக்டோபர் 19, இரவு 10.55

அம்மா, நல்ல வேலை எடுத்திருக்கீங்க. முப்பத்திரண்டு வருஷம் இந்தத் தொழில்ல இருந்தேன், இப்ப கண்ணு சரியில்லாம வீட்ல இருக்கேன். அதனால நேரம் நெறைய இருக்கு, கேளுங்க.

மொதல்ல ஒரு கணக்கு வேணும். மடிப்புத் தாள் என்ன தாள்? பத்துத் தாளை அடுக்கி, நல்லா அமுக்கி, ஸ்கேல்ல எத்தனை மில்லி வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க. ஃபாரம், அதாவது ஒண்ணா மடிச்சுத் தைக்கிற தாள் கட்டு, எப்படிப் பிரிச்சீங்க, ஒரு ஃபாரத்துக்கு எத்தனை தாள், அதையும் சொல்லுங்க.

கட்டிங்ல மடிப்பு போச்சுன்னு சொன்னீங்களே, அது கேட்டாலே வயிறு எரியுது. மடிப்புத் தாள் இருக்கிற புக்கை வெட்டுறவன் மடிப்பு எங்க நிக்குதுன்னு தொட்டுப் பார்க்காம கத்தியை எறக்கவே கூடாது. மடிப்பு, பக்கத்தோட ஓரத்துக்கு அஞ்சு மில்லியாவது உள்ள நிக்கணும். அத மடிக்கும்போதே செஞ்சிடணும்.

காகிதப்பூ · அக்டோபர் 20, காலை 7.15

உங்கள் இரண்டாவது பிரச்சினைக்கு, அதாவது பக்கம் விறைத்து நிற்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஏ4 தாளை வாங்கிப் பாதியாக மடித்தீர்களா?

காகிதத்துக்கு நார் ஓட்டம் உண்டு. மில்லில் ஓடும் கூழில் நாரெல்லாம் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு பட்டுப் போல விழும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து, மடிப்பு சொரசொரப்பாகும், தாள் எழும்பி நிற்கும். புத்தகத்தில் எல்லாத் தாளின் நாரும் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். பக்கத்துக்கும் மடிப்புத் தாளுக்கும் மட்டுமில்லை, அட்டைக்கும் இதே விதிதான்.

கடையில் விற்கும் ஏ4 பெரும்பாலும் நீளவாக்கில் நார் ஓடுவது. அதை நடுவில் மடித்துச் சின்னப் புத்தகம் செய்தால் நார் முதுகுக்குக் குறுக்கே போய்விடும். இதை இன்றே சோதித்துப் பார்க்கலாம். தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் பிடித்து லேசாக வளையுங்கள். எந்தத் திசையில் தடை குறைவாக இருக்கிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கோடு போகும் திசைதான் நார். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சதுரத்தை ஒரு பக்கம் மட்டும் தண்ணீரில் தொடுங்கள். அது குழாய் போலச் சுருளும். குழாயின் நீளம் எந்தப் பக்கமோ அதுதான் நார் ஓடும் பக்கம்.

புள்ளிக்காரி · அக்டோபர் 20, இரவு 8.30

அண்ணா, பத்துத் தாள் ஒன்றரை மில்லி வந்தது. 120 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ், படம் வரைகிற தாள். ஒரு ஃபாரத்துக்கு நாலு தாள் மடித்து, மொத்தம் 5 ஃபாரம். மடிப்புத் தாள் அங்கங்கே வரும்.

காகிதப்பூ சொன்னது அப்படியே சரி. சதுரத்தை நனைத்ததும் கண் முன்னால் சுருண்டது. நான் செய்தது முழுக்கக் குறுக்கு நார். இவ்வளவு நாளும் என் தையல்தான் சரியில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்தேன்.

ராயப்பேட்டை பைண்டர் · அக்டோபர் 20, இரவு 11.10

இப்ப கணக்கைப் பாருங்க. ஒரு மடிப்புத் தாள் திறக்கிற பக்கத்துல மூணு தாள் தடிமன். முதுகுப் பக்கம் ஒரே தாள். அப்ப ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தாள் வித்தியாசம். ஒம்பது தாளுக்குப் பதினெட்டு. ஒரு தாள் 0.15 மில்லின்னா பதினெட்டுக்கு 2.7 மில்லி. அந்த 2.7 மில்லிதான் உங்க புக்கை வாய் பிளக்க வைக்குது. எவ்வளவு இறுக்கித் தச்சாலும், எத்தனை நாள் கல்லு வச்சாலும் அது போகாது. முதுகுல அந்த 2.7 மில்லியை நாம போட்டுக் குடுக்கணும். அதுக்குப் பேருதான் பட்டி.

எப்படின்னா: நாலு தாள் ஃபாரத்தைக் கலைச்சிடுங்க. ரெண்டு தாள் ஃபாரமா, ஒம்பது ஃபாரம் போடுங்க. ஃபாரத்துக்கு எட்டுப் பக்கம். ஒவ்வொரு ஃபாரத்தோட நடுவுலயும் ஒரு மடிப்புத் தாள். அதுக்கு மூணு சென்டிமீட்டர் அகலத்துல ஒரு பட்டி வெட்டி, நடுவுல மடிச்சு, ஃபாரத்துக்கு நடுவுல சொருகுங்க. ஒண்ணரை ஒண்ணரையா ரெண்டு இறகு கிடைக்கும். நூல் அந்தப் பட்டியோட மடிப்பு வழியா போகும். மடிப்புத் தாளோட உள்ளோரத்தை ரெண்டு இறகுக்கு நடுவுல விட்டு, வலது இறகுல மட்டும் ஒட்டுங்க. நூல் மேல ஏறக்கூடாது, ஒரு மில்லி தள்ளியே நிக்கட்டும். இப்ப முதுகுல மூணு தாள், வாய்ல மூணு தாள். சமமா படுத்துக்கும்.

இன்னொரு லாபமும் இருக்கு. பிரிச்சு மூடுறப்ப பாரம் எல்லாம் பட்டி மேலதான் விழும். பக்கம் கிழியாது. உங்க மூணாவது பிரச்சினையும் இதோட போச்சு.

ஒண்ணு மறக்காதீங்க. மடிச்சு உள்ள வர்ற ஓரம் பட்டி மேல வந்து உக்காரக்கூடாது. உக்காந்தா அங்க மட்டும் மேடு கட்டும். அதனால மொதல் மடிப்பு அகலமா, அடுத்த ரெண்டும் ஒடுக்கமா இருக்கணும்.

வடமராட்சி · அக்டோபர் 21, காலை 6.05

அக்கா, உங்கட ஆச்சியின்ர கொப்பிக் கதை வாசிச்சு மனசு நிறைஞ்சு போச்சு. அப்பா நில அளவையாளராய் இருந்தவர். வீட்டில அவரிட்டை மடிச்சு வைக்கிற பழைய வரைபடங்கள் கொஞ்சம் இருந்தது. ஒரு படத்தை எட்டுத் துண்டாய் வெட்டி, துணியில ஒட்டியிருப்பினம். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில ஒரு நூல் அளவு இடைவெளி. மடிப்பு விழுறது துணியிலதான், தாளில இல்லை. அதால எத்தனை வருசம் மடிச்சு விரிச்சாலும் படம் கிழியாது. 21 புள்ளிக் கோலம் போல அடிக்கடி விரிக்கிற ஒண்டுக்கு மெல்லிய மல் துணி வைச்சு அப்பிடிச் செய்து பாக்கலாம்.

மற்றது, ஒரு யோசினை. அப்பாவின்ர புத்தகம் ஒண்டில மடிப்புப் படத்தின்ர முதல் மடிப்பு வெறுமையாய் இருக்கும். படம் அதுக்கு வெளியிலதான் தொடங்கும். விரிச்சு வைச்சால் படம் முழுக்கப் புத்தகத்துக்கு வெளியில நிக்கும். நீங்கள் உள்ளுக்குப் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருக்கலாம், படம் மறையாது. கோலம் போடேக்கை, எத்தினையாம் வரிசையில நிக்கிறம் எண்டு பாக்க இது பெரிய உதவியாய் இருக்கும்.

அச்சுக்கோப்பு · அக்டோபர் 21, காலை 10.20

வெற்று மடிப்புக்காக ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு பக்கத் தாளை வீணாக்க வேண்டுமா? தடிமனும் ஏறும், செலவும் ஏறும். என் யோசனை: மடிப்பே வேண்டாம். பின் அட்டையின் உள்ளே ஒரு பை ஒட்டிவிடுங்கள். முழுக்கோலங்களைத் தனித்தனித் தாளாக மடித்து அதில் வைக்கலாம். வாசலில் எடுத்துப் போய்த் தரையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தைக்கவும் சுலபம்.

மைக்கூடு · அக்டோபர் 21, மதியம் 1.45

தனித்தாள் ஒரே மார்கழியில் தொலைந்துவிடும். எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்தோடு வரும் தனி அட்டைக்கு என்ன கதி என்று எனக்குத் தெரியும். புத்தகத்தோடு தைத்திருந்தால் மட்டுமே ஐம்பது வருஷம் கூட வரும்.

நான் படம் வரைகிறவள், அந்தக் கண்ணோடு சொல்கிறேன். மடித்து விரியும் படம் என்பது இடம் பத்தாமல் செய்த சமாளிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1486இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் பிரைடன்பாக் என்பவரின் எருசலேம் யாத்திரைப் புத்தகம் அச்சானது. கூடவே பயணம் போன ஓவியர் எர்ஹார்ட் ராய்விக் வெனிஸ் நகரத்தை மரக்கட்டை அச்சுக்காக வரைந்தார். விரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். துறைமுகத்தில் நுழைகிறவன் கண்ணில் நகரம் எப்படி ஒவ்வொன்றாக விரியுமோ, படமும் அப்படியே விரியும். 1665இல் லண்டனில் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்த தெள்ளுப்பூச்சியை மடிப்புத் தாளில்தான் போட்டார். கடுகளவு பூச்சியைப் பக்கத்தை விடப் பெரிதாகப் பிரித்துக் காட்டும்போது வாசகனுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆச்சி சோற்றுப் பருக்கையில் செய்ததும் இதே வேலை. சின்ன நோட்டைத் திறந்தால் வாசல் நிறையக் கோலம். அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம், மை. ஜெராக்ஸ் எடுத்து மடிப்புத் தாளில் போடுவதாக இருந்தால் வேண்டாம். டோனர் என்பது தாளின் மேல் உருகி உட்காரும் பிளாஸ்டிக் பொடி. மடிப்பில் உதிர்ந்து வெள்ளைக்கோடு விழும். தாளுக்குள் ஊறும் மை நல்லது.

புள்ளிக்காரி · அக்டோபர் 22, இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருத்தர் சொன்னதையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

வெற்று மடிப்பு வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அச்சுக்கோப்பு அண்ணா, செலவு ஏறும் என்பது உண்மைதான். ஆனால் என் முதல் பிரதியை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தபோது, அடுத்த பக்கம் திருப்பினால் முழுக்கோலம் மறைந்துவிட்டது. மூன்று தடவை தப்புப் போட்டு அழித்தேன். வடமராட்சித் தம்பி சொன்ன மாதிரி செய்தால் அது நடக்காது.

அளவு போட்டுப் பார்த்தேன், ஒரு சந்தோஷமான விஷயம். முதல் வெற்று மடிப்பு 11.5, இரண்டாவது 9.2, மூன்றாவது 9 செ.மீ. மொத்தம் 29.7. ஏ3 தாளை நடுவில் வெட்டினால் கிடைக்கும் துண்டின் நீளமும் 29.7! நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 வாங்கி வெட்டினால், அந்த ஏ4 துண்டில் நார் 21 செ.மீ. பக்கமாக ஓடும். அதாவது என் முதுகுக்கு இணையாக. பக்கங்களுக்கும் அதே துண்டுதான், 24 × 18 வெட்டி மடிக்கலாம். கடைக்காரரிடம் ஒரே ஒரு ஏ3 கேட்டு வாங்கி, நனைத்துப் பார்த்த பிறகுதான் மீதியை வாங்கினேன்.

பசை எது நல்லது? ஆச்சி நோட்டைப் பூச்சி தின்றதைப் பார்த்த பிறகு மாவுப் பசை என்றாலே பயமாக இருக்கிறது.

ராயப்பேட்டை பைண்டர் · அக்டோபர் 22, இரவு 11.30

நாங்க மைதாப் பசை காய்ச்சுறப்ப மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுத்தான் எறக்குவோம். பூச்சி கிட்ட வராது. கணக்குப் புத்தகம், லெட்ஜர் எல்லாம் அதுலதான் ஒட்டினோம். தப்பா ஒட்டினா ஈரம் காட்டி எடுத்திடலாம். ஃபெவிகால் அப்படி இல்ல, ஒட்டினா ஒட்டினதுதான்.

காகிதப்பூ · அக்டோபர் 23, காலை 7.40

ஐயா அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவள், ஆனாலும் இந்த ஒரு இடத்தில் மாற்றுக் கருத்து சொல்லத்தான் வேண்டும். துத்தம் தாமிர உப்பு, அமிலத் தன்மையும் உண்டு. தாமிரம் பட்ட காகிதம் நாளாக ஆகப் பழுப்பாகி நொறுங்கும். பழைய படங்களில் தாமிரப் பச்சை பூசிய இடம் மட்டும் தாள் உதிர்ந்து ஓட்டையாகியிருக்கும், நானே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அட்டைக்கும் அதன் மேல் ஒட்டும் காலிகோ துணிக்கும் பரவாயில்லை. கோலம் வரைந்த தாளில் வேண்டாம். அதோடு அது விஷம்; அடுப்பில் சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், குழந்தை கைக்கு எட்டவும் வைக்காதீர்கள்.

பூச்சிக்குப் பயந்தால் பசையை மெல்லிசாக, அஞ்சு மில்லி அகலத்துக்கு மட்டும் தடவுங்கள். பூச்சி வருவது தடிமனாகக் கிடக்கும் மாவுக்கும் ஈரத்துக்கும். ஆச்சி நோட்டில் முழுப் பருக்கையே இருந்திருக்கும். முழுசாகக் காய்ந்த பிறகே புத்தகத்தை மூடணும், சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்கக் கூடாது.

ராயப்பேட்டை பைண்டர் · அக்டோபர் 23, காலை 11.00

சரிம்மா, ஒத்துக்கிறேன். நாங்க ஒட்டினது ஆபீஸ் புக்கு, இருபது வருஷம் இருந்தாப் போதும். இது பேரப்பிள்ளைங்க வரைக்கும் போகணும். துத்தம் வேணாம், பசையை அன்னன்னிக்குக் காய்ச்சி அன்னிக்கே முடிச்சிடுங்க. ஒரு பங்கு மைதா, அஞ்சு பங்கு தண்ணி. கட்டி இல்லாமக் கரைச்சு, சின்னத் தீயில, கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் கிண்டுங்க. ஆறினப்புறம் துணியில வடிகட்டணும். முதுகுக்கு மட்டும் ஃபெவிகால் போடுங்க, அது வளையும்.

மோல்மீன் பேத்தி · அக்டோபர் 25, மாலை 5.10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். தாத்தா பர்மாவிலிருந்து திரும்பியவர். அங்கே பரபைக் என்று ஒரு வகைப் புத்தகம் உண்டு. மரப்பட்டைக் கூழில் செய்த கெட்டித் தாளை முழுக்க முழுக்க விசிறி மடிப்பாக மடித்தது. முதுகே கிடையாது, தையலும் கிடையாது. வெள்ளைத் தாளில் வண்ணப்படம், கறுப்புத் தாளில் மாக்கல்லால் எழுதி அழிப்பார்கள். புத்தகம் முழுவதையும் அப்படி மடித்துவிட்டால் பட்டிக் கணக்கே தேவையில்லையே?

புள்ளிக்காரி · அக்டோபர் 25, இரவு 8.15

நல்ல யோசனை அக்கா. எனக்கு ஒரு கோலத்துக்கு எட்டுப் பக்கம் முறை வருது, அதைத் தனியாகத் திருப்பணும். அதனால் இந்தத் தடவை தையல்தான். ஆனால் எல்லைக் கோலங்களுக்கு, அதாவது வாசல்படி நீளத்துக்கு ஓடும் பார்டர்களுக்கு, தனியாக ஒரு விசிறி மடிப்புப் புத்தகம் செய்யலாம் என்று இப்போதே ஆசை வந்துவிட்டது.

புள்ளிக்காரி · நவம்பர் 9, இரவு 10.20

படம் எதுவும் வரையாமல் வெறுந்தாளில் ஒரு மாதிரிப் பிரதி தைத்துப் பார்த்தேன். 9 ஃபாரம், 9 பட்டி, 9 மடிப்பு. பக்கங்கள் அவ்வளவு மென்மையாகத் திரும்புகின்றன. திறந்து வைத்தால் அப்படியே படுத்துக்கொள்கிறது. நார் ஓட்டம் இவ்வளவு செய்யும் என்று கையில் தொடும் வரை எனக்குப் புரியவில்லை.

ஆனால் இப்போது நேர்மாறாக ஆகிவிட்டது. முதுகு தடித்து, திறக்கிற பக்கம் ஒல்லியாகச் சரிகிறது. அளந்தால் ஒன்றரை மில்லி வித்தியாசம். பட்டி சரியாகக் கணக்குப் போட்டுத்தானே வெட்டினேன்?

ராயப்பேட்டை பைண்டர் · நவம்பர் 9, இரவு 11.45

பட்டி கணக்கு சரிதாம்மா. நான் நூலை மறந்துட்டேன், தப்பு என்னோடது. நாலு தாள் ஃபாரம் அஞ்சு இருந்தப்ப நூல் அஞ்சு தடவைதான் உள்ள ஓடுச்சு. இப்ப ஒம்பது தடவை ஓடுது. ஒவ்வொரு ஃபாரத்துக்குள்ளயும் ஒரு நூல் தடிமன் முதுகுல ஏறும். ஃபாரம் மெலிசாக மெலிசாக நூல் வீக்கம் கூடும், இது தொழில்ல மொதல்ல சொல்லிக் குடுக்கிற பாடம்.

ரெண்டு வேலை பண்ணுங்க. பட்டியை 120ல வெட்டாம 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள்ல வெட்டுங்க. அது 0.1 மில்லி. பதினெட்டு இறகுக்கு 0.9 மில்லி கொறையும். நூலையும் மெலிசா மாத்துங்க. டுவைன் வேணாம், ஆளிநார் லினன் நூல் மெலிசுல கிடைக்கும், தேன்மெழுகுல ரெண்டு தடவை இழுத்துட்டுத் தைங்க. மெழுகு போட்ட நூல் சிக்காது, தாளையும் அறுக்காது. தச்சு முடிச்சதும் முதுகை மரச்சுத்தியலால மெதுவா தட்டி, ரெண்டு பலகைக்கு நடுவுல ஒரு ராத்திரி அமுக்கி வைங்க. நூல் தாளுக்குள்ள எறங்கும்.

புள்ளிக்காரி · நவம்பர் 16, இரவு 9.30

சமமாகிவிட்டது! அம்மிக்கல்லை இரண்டு பலகை மேல் ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் முதுகும் வாயும் ஒரே உயரம். ஐயா, இதை நேரில் உங்களிடம் காட்டணும்.

இனிமேல் வரையணும். அதில் ஒரு குழப்பம். 15 புள்ளி, 8 வரை இடுக்குப் புள்ளி. புள்ளிக்குப் புள்ளி ஒரு செ.மீ. வைத்தால் அகலம் 14 செ.மீ. வருகிறது, இடம் இருக்கிறது. ஆனால் நடுப்புள்ளியைத் தாளின் நடுவில் வைத்தால் இரண்டாவது மடிப்புக்கோடு நேராக நடுப்புள்ளி வரிசை மேலேயே விழுது. நாலைந்து கோடு சேருகிற இடம் அது. அரைப்புள்ளி தள்ளினால் அடுத்த வரிசைப் புள்ளிகள் மடிப்பில் மாட்டிக்கொள்கின்றன.

மைக்கூடு · நவம்பர் 17, காலை 8.05

இடுக்குப் புள்ளியில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரை இடம் நகர்ந்து நிற்கும். அதனால் அரை தள்ளினால் எப்போதும் ஏதாவது ஒரு வரிசை மாட்டும். கால்புள்ளி தள்ளுங்கள். உங்கள் அளவில் 2.5 மி.மீ. மடிப்பு எல்லா வரிசையிலும் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில், ஒரு பக்கம் சற்று ஒட்டினாற்போல ஓடும். கோடுகள் மட்டும் மடிப்பைத் தாண்டும், எந்தப் புள்ளியும் மடியாது. இரண்டரை மில்லி நகர்ந்ததைக் கண் கண்டுபிடிக்காது. நேர்ப் புள்ளிச் சிக்குக் கோலத்துக்கும் கால்புள்ளியே சரி. அதில் அரை தள்ளினால் கோடு ஒன்றையொன்று வெட்டும் இடம் மடிப்பில் வந்துவிடும்.

21 புள்ளிக் கோலத்துக்கு இடைவெளியை 8 மி.மீ. ஆக்குங்கள், 16 செ.மீ. அகலத்தில் அடங்கும். அதில் கால் என்பது 2 மி.மீ.

வரைவதற்கு முன்னாலேயே மடிப்புக்கோட்டைப் போட்டுவிடுங்கள். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வைத்து ஒரு தடவை அழுத்தி இழுத்தால் போதும். வரைந்து, மை நன்றாகக் காய்ந்து, கடைசியில் மடிக்க வேண்டும்.

வடமராட்சி · நவம்பர் 17, இரவு 7.50

21 புள்ளிக்கு துணி வைக்கிறீங்களோ அக்கா?

புள்ளிக்காரி · நவம்பர் 17, இரவு 9.10

வைக்கிறேன் தம்பி. ஆனால் வெட்டாமல். கோலத்தை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. மடிப்புக்குப் பின்னால் மட்டும் ஒரு செ.மீ. அகலத்தில் மல் துணிப் பட்டை, மைதாப் பசையில்.

நெறியாளர் · நவம்பர் 18, காலை 9.00

காலிகோ கடை பற்றி வந்த ஆறு பதிவுகளைக் கொள்முதல் இழைக்கு நகர்த்தியிருக்கிறோம். பைண்டிங் பேச்சு இங்கேயே தொடரட்டும்.

புள்ளிக்காரி · டிசம்பர் 14, இரவு 11.50

ஐந்தும் முடிந்தது.

தையல் இரண்டு நாடா வைத்து, ஆறு ஓட்டை. அட்டை 2 மி.மீ. மில் போர்டு, அரக்கு நிறக் காலிகோ. அட்டை வேலையில் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை, ஐயா சொன்னபடி முதுகுக்கும் அட்டைக்கும் நடுவில் 7 மி.மீ. விட்டேன், நன்றாகத் திறக்கிறது. எதையும் மிஷினில் வெட்டவில்லை. எல்லாத் தாளையும் முன்பே அளவாக வெட்டியதால் ஓரம் லேசாக ஏற்ற இறக்கமாக இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஒரு பிரதியில் தப்பு நடந்துவிட்டது. மூன்றாவது புத்தகத்தில் பசை காயும் முன் பட்டர் பேப்பர் வைக்காமல் அமுக்கிவிட்டேன். ஈரம் அடுத்த பக்கத்துக்கு இறங்கி, தாமரைக் கோலத்தின் ஒரு இதழ் மை பரவிவிட்டது. அந்தத் தாளை மட்டும் பட்டியிலிருந்து ஈரம் காட்டி உரித்து, புதுசு வரைந்து ஒட்டினேன். மாவுப் பசை என்பதால்தான் முடிந்தது. ஃபெவிகாலாக இருந்தால் அந்த ஃபாரமே போயிருக்கும். பட்டி வைத்ததால் பக்கத்தில் ஒரு கீறல் இல்லை.

நேற்று அம்மாவிடம் முதல் பிரதியைக் கொடுத்தேன். அம்மா 21 புள்ளித் தாளைப் பிரித்தாங்க. வெற்று மடிப்பு, பிறகு பாதிக் கோலம், பிறகு முழுக்க. விரலை வைத்து முதல் வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாங்க. பத்தொன்பதாவது புள்ளியில் நிறுத்தி, “ஆச்சி இந்த இடத்துல ஒரு சுழி கூடப் போடுவா” என்றாங்க. நோட்டில் அந்த இடம்தான் பூச்சி அரித்திருந்தது. பென்சிலை எடுத்து அம்மாவே போட்டுக் கொடுத்தாங்க. மற்ற நாலு பிரதியிலும் அதை மையில் சேர்த்துவிட்டேன். அம்மா பிரதியில் பென்சில் கோடு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காகிதப்பூ · டிசம்பர் 15, காலை 6.30

பென்சில் கோட்டைத் தொடவே வேண்டாம். பல மைகளை விட அதிக காலம் மங்காமல் நிற்கும்.

ராயப்பேட்டை பைண்டர் · டிசம்பர் 15, காலை 9.15

ரொம்ப சந்தோஷம்மா. கண்ணு நல்லா இருந்தா ஒண்ணை நானே தச்சுக் குடுத்திருப்பேன். ஃபோட்டோவைப் பேரன் பெருசு பண்ணிக் காட்டினான், முதுகு நேரா நிக்குது.

புள்ளிக்காரி · டிசம்பர் 21, காலை 7.20

ஐயா, அவசரமாக ஒரு சந்தேகம். சித்தி தினமும் காலையில் புத்தகத்தை வாசலிலேயே விரித்து வைத்துப் போடுறாங்க. கோலப்பொடி பட்டி இடுக்கிலெல்லாம் இறங்கிவிட்டது. ஈரத் துணியால் துடைக்கலாமா என்று கேட்கிறாங்க. பனி வேறு பெய்கிறது.

ராயப்பேட்டை பைண்டர் · டிசம்பர் 21, காலை 7.35

ஈரம் வேணவே வேணாம். பொடி மண்ணு மாதிரி, ஈரம் பட்டா தாள்ல அப்பிக்கும், தேய்ச்சா கோட்டையும் அழிக்கும். புக்கைத் தலைகீழாப் பிடிச்சு, முதுகை உள்ளங்கையில ரெண்டு தட்டு தட்டச் சொல்லுங்க. மிச்சத்தை ஷேவிங் பிரஷ் மாதிரி மெத்து பிரஷ்ல, முதுகுலேர்ந்து வெளிய பார்த்து ஒதுக்கணும். பனி இருந்தா கீழ ஒரு மணைப்பலகை போட்டு அதுமேல வைக்கச் சொல்லுங்க, தரையில வேணாம்.